ஒற்றர் இல்லாத கோட்டை

அரண்மனையில் வீற்றிருக்கும் மன்னன் நாட்டின் மூலைமுடுக்குகளில் நிகழ்வனவற்றையெல்லாம் தானே சென்று காணுதல் இயலாது. ஒற்றர்கள் கண்டு வந்து உரைப்பனவற்றைக் கொண்டே அவன் நாட்டின் நலனை அறிவான். கணிப்பொறிகளைக் காக்கும் கண்காணிப்பு மென்பொருளின் நிலையும் இத்தகையதே ஆகும்.

'நாகியோஸ்' என்பது அத்தகைய மென்பொருள்களுள் ஒன்று. அமெரிக்க நாட்டவரான ஈதன் கால்ஸ்டாட் என்பார் 1999ஆம் ஆண்டில் இதனை 'நெட்செயின்ட்' என்னும் பெயரால் வெளியிட்டார். 2002இல் இது நாகியோஸ் எனப் பெயர் மாற்றம் பெற்றது. இதன் மையப்பகுதி தானாக எதனையும் சோதிப்பதில்லை. எதனை, எப்பொழுது சோதிப்பது, பழுது நேர்ந்தால் யாருக்கு அறிவிப்பது என்பனவற்றையே அது கவனிக்கும். சோதிக்கும் தொழிலைச் செய்பவை செருகுநிரல்கள் எனப்படும் சிறு நிரல்களே. அவையே இம்மன்னனின் ஒற்றர்கள்.

ஒவ்வொரு செருகுநிரலும் தன் பணி முடிந்ததும் ஓர் எண்ணைத் தெரிவிக்கும். 0 எனின் நலம். 1 எனின் எச்சரிக்கை. 2 எனின் நெருக்கடி. 3 எனின் நிலை அறியப்படவில்லை என்பது பொருள். எந்த அளவில் எச்சரிப்பது என்பதை நாமே வரையறுக்கலாம். சான்றாக, வட்டில் எஞ்சிய இடம் நூற்றுக்கு 20க்குக் குறைந்தால் எச்சரிக்கை என்றும், 10க்குக் குறைந்தால் நெருக்கடி என்றும் விதிக்கலாம்.

செருகுநிரல்களுள் சில, பிற நிரல்களின் துணையின்றி இயங்கமாட்டா. 'மைஎஸ்க்யூஎல்' என்னும் தரவுத்தளத்தைச் சோதிக்கும் செருகுநிரலை மூலநிரலிலிருந்து ஆக்குதற்கு, அத்தரவுத்தளத்திற்குரிய துணைநிரல்கள் கணிப்பொறியில் முன்னரே இருத்தல் வேண்டும். அவை இல்லையெனின் அச்செருகுநிரல் மட்டும் விடுபட்டுப் போகும். ஏனையவை குறைவின்றி அமையும். விடுபட்டதைக் கூறும் சிறு குறிப்பு, திரையில் ஓடும் நூற்றுக்கணக்கான வரிகளுக்கிடையே மறைந்துவிடும்.

இடர் இங்கேதான் தோன்றுகின்றது. அக்குறிப்பைப் படியாதவன், மற்றைச் சோதனைகள் யாவும் பச்சை நிறத்தில் நலம் காட்டுவதைக் கண்டு மகிழ்வான். தரவுத்தளமோ காவலின்றிக் கிடக்கும். அது பழுதுற்ற நாளில் அறிவிக்க ஒருவரும் இரார். ஒற்றன் வாராமையை நாட்டில் பகை இல்லாமை என்று கொள்ளும் மன்னனுக்கும் இவனுக்கும் வேற்றுமை யாது?

ஆதலின், காக்க வேண்டியவை இவையெனப் பட்டியல் வகுத்து, அவற்றிற்கு வேண்டிய செருகுநிரல்களையும் அவற்றின் துணைகளையும் முதற்கண் நிறுவுதல் வேண்டும். வேண்டாதவற்றைச் சேர்த்தலும் தீதே. அவை கணிப்பொறிக்கு வீண் சுமையாகும். நிறுவிய பின்னர், நாகியோஸ் எந்தப் பயனர் பெயரில் இயங்குகின்றதோ அப்பெயரிலேயே ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். உரிமை குறைந்த பயனருக்குச் சில கோப்புகள் திறவா. இறுதியாக, சோதனைக்கென அமைத்த ஒரு பணியை வேண்டுமென்றே நிறுத்தி, அறிவிப்பு வருகின்றதா எனக் காணுதல் நன்று.

காவலன் பேசாதிருக்கும்பொழுது, ஊரில் தீங்கில்லை என்று மட்டும் எண்ணற்க. காவலன் உளனா என்பதையும் ஆராய்க.