உங்களுக்குத் தெரியுமா? இந்தோனேசியாவின் ‘கேப்போ’க்கள்

அடுத்தவர் சமாச்சாரத்தில் மூக்கை நுழைப்பவருக்கு இந்தோனேசிய இளவட்டங்கள் வைத்திருக்கும் பெயர் ‘கேப்போ’. ஹொக்கியன் சீனர்களின் பேச்சு வழக்கிலிருந்து வந்த சொல் இது, சிங்கப்பூர்க்காரர்களுக்கும் பழக்கமானதுதான். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து பிறந்தது என்று சிலர் சொல்வது பிற்பாடு ஒட்டவைத்த கதை. முன்னாள் காதலரின் இன்ஸ்டாகிராமைப் பழைய படங்கள்வரை துழாவுவதும் கேப்போவில் சேர்த்திதான். நட்சத்திர வம்புக்கென்றே அங்கே ‘லாம்பே துரா’ என்றொரு இன்ஸ்டாகிராம் கணக்கு; ஜாவா மொழியில் லாம்பே என்றால் உதடு. பொருத்தமான பெயர்!

வம்பு இருக்கட்டும், இணையத்தில் இந்தோனேசியர்களின் நாகரிகம் எப்படி? 2021-இல் வெளியான மைக்ரோசாஃப்டின் இணைய நாகரிக ஆய்வு, தென்கிழக்காசியாவில் இந்தோனேசியாவைக் கடைசியில் நிறுத்தியது. கொதித்தெழுந்த நெட்டிசன்கள் மைக்ரோசாஃப்டின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வசைமாரி பொழிந்தார்கள். ஆய்வுக்கு அவர்களே சாட்சி சொன்னது போலாயிற்று. கடைசியில் அந்நிறுவனம் பின்னூட்டப் பகுதியையே மூடிவிட்டது.