ஆயிரத்தைந்நூறு வெள்ளியில் ஓர் எடிட்டிங் மேசை

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணிப் பக்கமிருந்து தினமும் ஷிப்டுக்கு ஆட்கள் அங்கே போய் வருகிறார்கள். 1972இல் பினாங்கில் கால்வைத்த இன்டெல், பின்னர் கூலிமுக்கும் வந்தது. உலகக் கணினிகளுக்குள் இருக்கும் சிப்புகளில் ஒரு பங்கு நம்மூர்க்காரர்களின் கைபட்டுத்தான் போகிறது. அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டில் பிள்ளை, “எடிட்டிங் பண்ண ஒரு கம்ப்யூட்டர் வேணும்பா” என்றால் அப்பாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது. குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளிதான். ‘எடிட்டிங் மெஷின்’ என்று கடைக்காரர் முதலில் காட்டும் மடிக்கணினியோ அதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும்.

பிள்ளை வீணுக்குக் கேட்கவில்லை. தோட்டத்து மாரியம்மன் தீமிதி, தாமான் மண்டபத்துக் கல்யாணம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாமே இப்போது காணொளியாகிறது. அதில் சில்லறை வருமானமும் உண்டு. ‘கைப்பேசியே போதாதா?’ என்பது நியாயமான கேள்வி. 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சுங்கை சிப்புட் சுகு, பவித்ரா தம்பதி எளிய வீட்டுச் சமையலறையிலிருந்து கைப்பேசியில் எடுத்துப் போட்ட சமையல் காணொளிகளை நாடே பார்த்தது. ஐந்து நிமிடக் காணொளிக்குக் கைப்பேசி போதும். இரண்டு கேமராவில் நான்கு மணி நேரம் எடுத்த கல்யாணத்தை அதில் வெட்டி ஒட்ட முயன்றால் கண்ணும் போகும், பொறுமையும் போகும்.

எடிட்டிங்கில் கணினி எங்கே திணறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய கைப்பேசிகள் பலவும் எச்.265 என்ற முறையில் காணொளியைச் சுருக்கிச் சேமிக்கின்றன. கோப்பு சிறிதாகிறது, ஆனால் அதைப் பிரித்துக் காட்டுவது கடினமான வேலை. அந்த வேலைக்கென்றே தனிப் பகுதி உள்ள பிராசஸர் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். அது இல்லாத பழைய பிராசஸரில் படம் விக்கி விக்கி ஓடும், காற்றாடி அலறும். இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலிருந்து இந்த வசதி ஒழுங்காக இருக்கிறது. ஆனாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஏழாம் தலைமுறையில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. பழைய கணினிகள் சந்தையில் இவ்வளவு மலிவாகக் கொட்டிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தலைமுறையைக் கண்டுபிடிப்பது சுலபம். ஐ5-8250யூ என்றால் கோட்டுக்குப் பின் வரும் 8 எட்டாம் தலைமுறை. ஐ3-1215யூ என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. ‘ஐ7’ ஸ்டிக்கரைப் பார்த்து மயங்கி ஏமாந்தவர்கள் நிறைய. ஐ7-4600யூவில் இருப்பது இரண்டே கோர். ஐ3-1215யூவில் ஆறு. பெயரில் ஏழு இருந்தாலும் பழையது பழையதுதான். செலரான் என்4020, 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு என்று ‘மாணவர் சலுகை’யில் வரும் புத்தம்புது மடிக்கணினிகள் பக்கம் திரும்பவே வேண்டாம். எடிட்டிங்குக்கு அவை ஆகாது.

என் கட்சி இதுதான்: நிறுவனங்கள் கழித்துவிட்ட அலுவலகக் கணினியை வாங்குங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், லெனோவோ திங்க்சென்டர், எச்பி புரோடெஸ்க் வகைகளில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட ஐ5 பெரும்பாலும் ஆயிரம் வெள்ளிக்குள் அகப்படும். மடிக்கணினி பார்க்க அழகுதான். ஆனால் தகரக் கூரை வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு ரெண்டர் போட்டுப் பாருங்கள், சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசைக் கணினியில் காற்றோட்டம் அதிகம், ராமும் டிஸ்க்கும் பிறகு கூட்டிக்கொள்ளலாம். ராம் 16 ஜிபி வேண்டும். 2025 இறுதியிலிருந்து ராம் விலை கன்னாபின்னாவென்று ஏறியிருப்பதால், 16 ஜிபி ஏற்கெனவே பொருத்தியதாகவே தேடுவது லாபம். புதிதாகப் பெட்டி கட்டுபவர்கள், இன்டெல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அதோடு, காணொளியைப் பிரிக்கும் அந்தத் தனிப் பகுதியும் கிடையாது. சில பத்து வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் முதலுக்கே மோசம்.

சேமிப்பையும் கணக்குப் பண்ணுங்கள். ஐபோனில் 4கே, 30 ஃபிரேம், எச்.265 என்றால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, மணிக்குப் பத்து ஜிபி. மேலே சொன்ன கல்யாணமே எண்பது ஜிபியைத் தொடும். உள்ளே 512 ஜிபி எஸ்எஸ்டி, வெளியே ஒரு ஹார்ட்டிஸ்க், இரண்டும் வேண்டும். மின்னலுக்குப் பேர்போன நாடு நம்முடையது, ஆகவே சின்ன யுபிஎஸ் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரை ஐபிஎஸ் வகையாக இருக்கட்டும். மலிவான மங்கல் திரையில் மணப்பெண்ணின் அரக்குப் பட்டு ஒரு நிறம் காட்டும், வாடிக்கையாளரின் கைப்பேசியில் வேறு நிறம் காட்டும். திட்டு விழுவது உங்களுக்குத்தான்.

மென்பொருளுக்குக் காசு வேண்டியதில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு அருமையானது, ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும். இந்த விலைக் கணினிக்கு ஷாட்கட், கேடென்லைவ் பொருத்தம். இரண்டிலும் ‘பிராக்ஸி’ வசதி உண்டு. பெரிய கோப்புக்குச் சிறிய நகல் எடுத்து அதில் வெட்டலாம், கடைசியில் அசலிலிருந்தே வெளியாகும். இதைப் பழகிக்கொண்டால் பாதி வன்பொருள் செலவு மிச்சம். (கையில் இன்னும் ஆயிரம் வெள்ளிக்கு மேல் இருப்பவர் எம்4 மேக் மினியைப் பார்க்கலாம். வேகம் பிரமாதம். திரைக்கும் வெளிச் சேமிப்புக்கும் தனியே செலவாகும்.)

வாங்கப் போகும்போது உங்கள் கைப்பேசியில் எடுத்த 4கே காணொளி ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். கடையிலேயே ஓட்டி, முன்னும் பின்னும் இழுத்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ‘வீடியோ டிகோட்’ கோடு எழும்பி, பிராசஸர் கோடு தாழ்ந்திருந்தால் தைரியமாகக் காசைக் கொடுக்கலாம். ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

திரை, டிஸ்க், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து ஆயிரத்தைந்நூறு வெள்ளிக்குள் முடித்துவிடலாம். பிறகு எதை எடிட் செய்வது? கல்யாணமும் தீமிதியும் இருக்கட்டும். 1946–47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது, கள்ளுக்கடைக்கு எதிராகத் தோட்டங்கள் திரண்டன. அதைச் சிறுவனாகப் பார்த்தவருக்கு இன்று எண்பத்தைந்துக்கு மேல் ஆகியிருக்கும். அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ உங்கள் தோட்டத்தில் இருந்தால், கணினி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே கைப்பேசியோடு போய் அவர் முன்னால் உட்காருங்கள். எடிட்டிங்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.