நாள் பார்க்கும் லேப்டாப்

நல்ல காரியம் தொடங்குமுன் நாள் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம். லேப்டாப்பும் நாள் பார்க்கும். புது இயங்குதளத்தை ஏற்றிக்கொள்வதற்கு முன், தனக்குத் தெரிந்த தேதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்லும். நாள் ஒத்துவரவில்லை என்றால் வேலை நின்றுவிடும். நின்றதற்குத் தேதிதான் காரணம் என்று மட்டும் அது சொல்லாது.

2012 வாக்கில் வந்த ஒரு மேக்புக்கை எடுத்துக்கொள்வோம். நான்கைந்து ஆண்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. பெண் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், கட்டுரை எழுத இது போதுமே என்று வெளியே எடுக்கிறார்கள். சார்ஜரைச் செருகியதும் உயிர் வருகிறது. பழைய கோப்புகளை அழித்துவிட்டு ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று ஆரம்பிக்கிறார்கள். அழிப்பது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. போடுவதுதான் நடக்கவில்லை. இணையம் வழியாகப் போட முயன்றால், மீட்புச் சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்கிறது. பென்டிரைவிலிருந்து முயன்றால், இந்த இன்ஸ்டாலரைச் சரிபார்க்க முடியவில்லை, பதிவிறக்கும்போது சிதைந்திருக்கலாம் அல்லது யாராவது கைவைத்திருக்கலாம் என்கிறது. இப்போது அந்த லேப்டாப்பில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

இந்த இடத்தில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். பென்டிரைவை மாற்றுவார்கள். ஐந்தாறு ஜிபியை இன்னொரு முறை இறக்குவார்கள். அதுவும் பலிக்காவிட்டால் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். நல்ல லேப்டாப் ஒன்று பழைய இரும்புக்குப் போக இவ்வளவு போதும்.

டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மீட்புத் திரையின் மேல்பட்டியில் டெர்மினல் இருக்கும். அதைத் திறந்து, தேதியைக் குறிக்கும் 'டேட்' என்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தட்டி என்டர் கொடுத்தால், லேப்டாப் தன் மனதில் வைத்திருக்கும் நாளைச் சொல்லும். நீண்ட நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த மேக்புக்குகள் பலவும் அப்போது சொல்லும் நாள்: 2001 ஜனவரி 1, திங்கட்கிழமை.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்று பார்க்க, மதர்போர்டுக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும்.

பழைய போர்டுகளில் ஓரமாக, அரிசி மணியைவிடச் சற்றே பெரிய வெள்ளி நிற உலோக உருளை ஒன்று நின்றோ படுத்தோ இருக்கும். பிற்காலப் போர்டுகளில் அது இன்னும் சிறிய தட்டைப் பெட்டியாகிவிட்டது. இரண்டுக்கும் உள்ளே இருப்பது குவார்ட்ஸ் படிகத்தில் செதுக்கிய ஓர் இசைக்கவை. பள்ளிக்கூட இயற்பியல் ஆய்வகத்தில் ரப்பர் கட்டையில் தட்டி மேசைமேல் ஊன்றுவோமே, அதே இரட்டைக் கிளை வடிவம், சில மில்லிமீட்டர் நீளத்தில். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1880ல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டறிந்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளியும் என்பது அதன் மறுபக்கம். அந்த நெளிவைத் தொடர்ந்து தூண்டிவிட்டால், படிகக் கவை தனக்கே உரிய வேகத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கும். கணினிக் கடிகாரத்துக்கு வெட்டப்பட்ட கவை வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது.

அந்த எண் ஏன்? 32,768ஐப் பாதியாக்குங்கள், 16,384. இன்னும் பாதி, 8,192. இப்படிப் பதினைந்து முறை பாதியாக்கினால் மிச்சமின்றி ஒன்று வந்து நிற்கும். இரண்டு அதிர்வுக்கு ஒரு துடிப்பு விடும் எளிய மின்சுற்றுகள் பதினைந்தை வரிசையாக வைத்தால் போதும், கடைசிச் சுற்றிலிருந்து வினாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு வெளியே வரும். வகுத்தல் கணக்குப் போடும் மூளை எதுவும் தேவையில்லை. மனிதக் காதுக்கு எட்டும் எல்லை ஏறத்தாழ 20,000 என்பதால், இந்தக் கவை பாடுவது நமக்குக் கேட்பதும் இல்லை.

குறையும் உண்டு. சாதாரணக் கவை பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகும். நாளுக்கு ஒன்றே முக்கால் வினாடிக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய 25 டிகிரியில்தான் அது முழு வேகத்தில் அதிரும். சூடு ஏறினாலும் வேகம் குறையும், குளிர்ந்தாலும் குறையும். வெயில் காயும் பரணில் கிடந்த லேப்டாப்பின் கடிகாரம் மெல்லப் பின்தங்குவது இதனால்தான்.

கவை அதிர மின்சாரம் வேண்டும், மிக மிகக் கொஞ்சம். 1981ல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இதற்கான பேட்டரியே கிடையாது. நிறுத்தினால் நேரமும் நின்றுவிடும். மறுபடி இயக்கும்போதெல்லாம் தேதி என்ன என்று அது மனிதரிடம் கேட்கும், அவர் தட்டிக் கொடுக்க வேண்டும். 1984ல் வந்த பிசி/ஏடி மாடலில்தான் மோட்டரோலா நிறுவனத்தின் சிமாஸ் வகைக் கடிகாரச் சில்லும் அதற்கென ஒரு பேட்டரியும் சேர்ந்தன. அந்தச் சில்லின் நினைவகம் மொத்தம் 64 பைட். கடிகாரத்துக்கு 14, மீதி 50 பைட்டில் கணினியின் அமைப்பு விவரங்கள். சர்வீஸ் கடைகளில் இன்றும் 'சிமாஸ் பேட்டரி' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். இன்றைய மேசைக் கணினிகளில் அது 20 மில்லிமீட்டர் அகலமுள்ள, ஒரு ரூபாய் நாணயம் போன்ற, 3 வோல்ட் லித்தியம் வில்லை. பல லேப்டாப்களில் அதே வில்லையை இரண்டு மெல்லிய ஒயரோடு பிளாஸ்டிக் உறையில் சுற்றி, விசைப்பலகைக்கு அடியில் எங்காவது ஒட்டியிருப்பார்கள். பிற்கால மேக்புக்குகளில் அதுவும் இல்லை. பெரிய பேட்டரிதான் கடிகாரத்துக்கும் தீனி போடுகிறது. அது முழுக்க வற்றிய நாளில் கவை அதிர்வதை நிறுத்திவிடும்.

பிறகு மின்சாரம் வந்தால் கவை மீண்டும் அதிரும். ஆனால் இது எந்த நாள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும். கணினிக்கு நாள் என்பது, ஏதோ ஒரு ஆதிநாளிலிருந்து கழிந்த வினாடிகளின் எண்ணிக்கைதான். அந்த ஆதிநாளை ஒவ்வொரு பரம்பரையும் தனக்கு வசதியான இடத்தில் ஊன்றிக்கொண்டது. யுனிக்ஸுக்கு 1970 ஜனவரி 1. டாஸுக்கு 1980. பழைய மேகிண்டாஷுக்கு 1904, இருபதாம் நூற்றாண்டின் முதல் லீப் ஆண்டு என்பதால் கணக்கு எளிது. விண்டோஸின் கோப்பு நேரங்கள் 1601லிருந்து ஓடுகின்றன, கிரிகோரியன் நாட்காட்டியின் 400 ஆண்டுச் சுற்று ஒன்று தொடங்கும் ஆண்டு அது. ஆப்பிளின் பிற்காலக் கட்டமைப்புக்கு 2001. பேட்டரி செத்த கணினி எந்தத் தேதியைக் காட்டுகிறது என்பதை வைத்தே, அது எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று பல நேரம் சொல்லிவிடலாம்.

சரி, கடிகாரம் தப்பாக இருந்தால் ஓஎஸ் ஏன் ஏறக் கூடாது? நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டால் அடுப்பு எரியாமலா போகிறது?

இன்ஸ்டாலர் என்பது லேப்டாப்பின் ஆளுகையை முழுதாகக் கையில் வாங்கப்போகும் நிரல். அதை நம்புமுன் லேப்டாப் கேட்பது இரண்டு கேள்வி: இது வழியில் மாறியிருக்கிறதா, இதை அனுப்பியவர் யார். முதல் கேள்விக்கு, அந்த ஜிபிகளை எல்லாம் ஒரு கணிதச் செக்கில் ஆட்டி, 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைப் பிழிந்தெடுக்கலாம். கோப்பில் எங்கோ ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். இரண்டாம் கேள்விக்கு, அந்த எண்ணின்மேல் தயாரிப்பாளர் இரகசியச் சாவியால் கையெழுத்திடுகிறார். பொதுச் சாவியை வைத்து யார் வேண்டுமானாலும் அதைச் சரிபார்க்கலாம், இரகசியச் சாவி இல்லாமல் யாராலும் போட முடியாது. 1977ல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மேன் மூவரும் தந்த ஆர்எஸ்ஏ முறை இதற்கு வழிவகுத்தது. அந்தப் பொதுச் சாவி உண்மையில் இன்னாருடையதுதான் என்று சொல்வதற்கு ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழில் இரண்டு தேதிகள் இருக்கும், எந்த நாளிலிருந்து செல்லும், எந்த நாள்வரை செல்லும். மருந்துப் பட்டையில் தயாரித்த நாளும் காலாவதி நாளும் அச்சடித்திருப்பது போல.

காலாவதி வைப்பதற்கு நியாயம் இருக்கிறது. சாவிகள் திருடு போகும். இன்று உடைக்க முடியாத கணிதம் இருபது ஆண்டில் உடையலாம். ஒருமுறை கொடுத்த நம்பிக்கை என்றென்றைக்கும் செல்லும் என்று விட்டுவைப்பது ஆபத்து. இணையதளச் சான்றிதழ்களின் ஆயுளை 2020 செப்டம்பர் 1 முதல் அதிகபட்சம் 398 நாள் என்று குறுக்கியதும் இதற்காகத்தான்.

இப்போது 2001ல் நிற்கும் அந்த மேக்புக்கின் கண்ணால் பாருங்கள். மீட்புச் சர்வர் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதன் தொடக்க நாள் இருபது ஆண்டுக்கும் மேல் தள்ளி எதிர்காலத்தில் இருக்கிறது. இன்னும் பிறக்காத நாளில் எழுதிய பத்திரத்தை யார் ஏற்பார்? லேப்டாப் கதவைச் சாத்துகிறது. அதன் தர்க்கத்தில் ஒரு பிசகும் இல்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படும்படி வளர்க்கப்பட்ட அது, தன் கடிகாரத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை.

சரியான தேதியைக் கொடுத்தால் சர்வர் திறந்துவிடும். டெர்மினலில் அதே சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, மாதம், நாள், மணி, நிமிடம், ஆண்டு என்ற வரிசையில் இடைவெளியில்லாமல் பன்னிரண்டு இலக்கங்கள் தட்ட வேண்டும். வில்லை பேட்டரி உள்ள லேப்டாப் என்றால் அதையும் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை நிறுத்தி எடுத்ததும் பழைய கதைதான்.

ஆனால் பென்டிரைவில் வேறொரு முடிச்சு காத்திருக்கும். ஆப்பிள் தன் பழைய இன்ஸ்டாலர்களில் பலவற்றில் கையெழுத்திட்ட சான்றிதழ் 2019 அக்டோபர் 24 அன்று காலாவதியானது. அதற்கு முன் இறக்கிப் பத்திரமாக வைத்திருந்த இன்ஸ்டாலர், ஒரு பைட் கூடக் கெடாமல் இருந்தாலும், அந்த நாளுக்குப் பிறகு ஓட மறுத்தது. 2016 பிப்ரவரி 14லும் இதே போன்ற ஒரு நாள் வந்து போயிருக்கிறது. ஆக, இணையத்துக்கு இன்றைய தேதி வேண்டும். பழைய பென்டிரைவுக்குப் பழைய தேதி வேண்டும். இரண்டையும் ஒரே கடிகாரத்தால் திருப்திப்படுத்த முடியாது.

புதுச் சான்றிதழோடு மீண்டும் வெளியிடப்பட்ட இன்ஸ்டாலரை இறக்கிக்கொள்வது நேர்வழி. அதற்கு வேறொரு மேக் கையில் இல்லை என்றால், வைஃபையை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பின்னால் திருப்ப வேண்டும். 060112002019 என்று கொடுத்தால் 2019 ஜூன் 1, நண்பகல் 12 மணி. வைஃபையை அணைப்பது முக்கியம். இணையம் கிடைத்தால் லேப்டாப் தானாகவே நேரத்தைத் திருத்திக்கொள்ளும், திருப்பிய கடிகாரம் முன்னே ஓடிவிடும். இது ஏமாற்று வேலையா என்று சிலர் தயங்குவார்கள். நான் தயங்க மாட்டேன். கையெழுத்து இன்னும் சரிபார்க்கப்படுகிறது, கோப்பு மாறியிருந்தால் அப்போதும் பிடிபடும். தயாரிப்பாளரிடமிருந்து நாமே இறக்கிய கோப்பு என்றால் அஞ்ச ஒன்றுமில்லை. யாரோ கொடுத்த பென்டிரைவில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

ஓஎஸ் ஏறிய பிறகும் நாள் பார்த்தல் முடிவதில்லை. ஒவ்வொரு இயங்குதளமும் தான் முழுதாக நம்பும் சில மூலச் சான்றிதழ்களைப் பிறக்கும்போதே மடியில் கட்டிக்கொண்டு வரும். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கிய எண்ணற்ற இணையதளங்களுக்குத் தாங்கலாக இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. 2015ல் வந்த மேக் இயங்குதளமான எல் கேப்பிட்டனின் மடியில் அது இருந்தது, அதற்குப் பதில் வந்த புதியது இல்லை. அதனால் கடிகாரம் துல்லியமாக இருந்தும், பல தளங்கள் பாதுகாப்பற்றவை என்று அந்த லேப்டாப் சொன்னது. புதிய மூலச் சான்றிதழைப் பென்டிரைவில் கொண்டுவந்து சேர்க்கலாம், அல்லது தன் நம்பிக்கைப் பட்டியலைத் தானே சுமந்து வரும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைப் போடலாம்.

இதையெல்லாம் தவிர்க்க வழியே இல்லையா? இருக்கிறது. ராஸ்பெரி பையின் முதல் நான்கு தலைமுறைகளுக்குக் கடிகாரப் பேட்டரியே கிடையாது. அதன் இயங்குதளம் தூங்கப்போகுமுன் நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டு, விழித்ததும் அங்கிருந்து எண்ணத் தொடங்கியது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் இன்னும் ஒரு படி மேலே போய், தான் உருவாக்கப்பட்ட நாளுக்கு முந்திய எந்தத் தேதியையும் நம்ப மறுக்கிறது. தன் பிறந்தநாளுக்கு முன் தான் இருந்திருக்க முடியாது என்ற அந்தச் சின்ன அறிவு 2012ன் மேக்புக்குக்கும் கொடுக்கப்பட்டிருக்கலாம். குறைந்தபட்சம், கோப்பு சிதைந்திருக்கலாம் என்று சொல்லும் அந்த வாக்கியத்தோடு, உங்கள் லேப்டாப்பின் தேதி இது, சரிதானா என்று ஒரு வரி சேர்த்திருந்தால், எத்தனையோ கருவிகள் குப்பைக்குப் போகாமல் தப்பியிருக்கும் என்று நினைக்கும்போது மனது வலிக்கிறது.

நம் மேக்புக்குக்கு வருவோம். 2019க்குத் திருப்பிய கடிகாரத்தோடு முக்கால் மணி நேரம் ஓடி, ஓஎஸ் ஏறிவிட்டது. பெண் தன் பெயரைக் கொடுத்து உள்ளே நுழைகிறாள். வைஃபை சேர்ந்ததும், மூலையில் இருக்கும் தேதி ஒரே தாவலில் இன்றைக்கு வந்து நிற்கிறது. அவள் பெயரிலுள்ள கோப்புறையைத் திறந்து விவரம் பார்த்தால் மட்டும், அது உருவான நாள் 2019 ஜூன் 1 என்றே இருக்கும்.