கவிழ்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும்!

விசைப்படகு அல்ல; பாய்மரமும் இல்லை. பெரும்பாலும் ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகு. அதன் பெயர் "கயாக்".

வட துருவப் பக்கம் வாழும் இனூயிட் மக்கள், கடல்நாயின் தோலைப் போர்த்தி இதைச் செய்தார்கள். அதில் ஏறி வேட்டைக்குப் போனார்கள். இன்று பிளாஸ்டிக்கில் வருகிறது. நீளம் சுமார் 4 மீட்டர்.

அமெரிக்காவில், சான் டியேகோ நகரின் லா ஹோயா கடற்கரை. அதிகாலையில் பலர் கூட்டமாகக் கயாக்கில் புறப்படுகிறார்கள், மீன் பிடிக்க!

தடை செய்த இடம்

கரையை ஒட்டிய ஒரு பகுதி, கடல் உயிர்களின் காப்பிடம். அங்கே தூண்டில் போடக்கூடாது. அதைத் தாண்டிப் போகிறார்கள். அப்பால் கடற்பாசி காடுபோல வளர்ந்திருக்கிறது. அதன் ஓரத்தில் மஞ்சள்வால் மீன் திரியும். நம் பாரை மீனுக்கு அது உறவு! உயிருள்ள சிறு மீனை முள்ளில் கோத்து, அதைப் பிடிக்கிறார்கள்.

ஏன் கூட்டம்?

கட்டுமரத்தில் ஏறும் தண்ணீர், கட்டைகளின் இடுக்கில் இறங்கிவிடும். இந்தக் கயாக்கிலும் அதற்குத் துளைகள் உண்டு. ஆகவே எளிதில் மூழ்காது. ஆனால் கவிழும்!

அந்தக் கடல் குளிர்ந்தது. வெகுநேரம் கிடந்தால் கை விறைக்கும், பிடி தளரும். மிதவைச் சட்டை மிதக்க வைக்கும், படகில் ஏற்றிவிடாது. பக்கத்தில் இன்னொருவர் இருந்தால், கவிழ்ந்த படகை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். விழுந்தவர் ஏறிக்கொள்ளலாம்.

வெயில் ஏறினால் காற்றும் வலுக்கும். அதற்குள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். திரும்பியதும் முதலில் எண்ண வேண்டியது மீன்களை அல்ல, ஆட்களை!