‘குவாட்டர்பேக்’ நிற்கும் இடம்

ஒரு சொல்லுக்குப் பிழையான பொருளைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதே வகுப்பில் அதைத் திருத்த வேண்டிய நிலை ஆசிரியர் பலருக்கும் வந்திருக்கும். எனக்கும் வந்தது. இன்றைய பேச்சு அந்தச் சொல்லைப் பற்றியது.

உயர்தர வகுப்பு மாணவருக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக ஓர் ஆங்கிலப் பந்தியைக் கொடுத்திருந்தேன். அமெரிக்க அரசியல்வாதி ஒருவரின் தேர்தல் வேலைகளுக்கு அவருடைய நண்பர் ‘குவாட்டர்பேக்’ ஆக இருந்தார் என்று அதில் ஒரு வரி. ஒரு மாணவன் அதைக் ‘கால்பங்குப் பின்னாளன்’ என்று எழுதியிருந்தான். வகுப்புச் சிரித்தது; நானும் சிரித்துவிட்டேன். பிறகு, “இது உதைபந்தாட்டச் சொல். பின்வரிசையில் நின்று காப்பவன் என்பது பொருள். ‘பின்காவலன்’ என்று எழுதுங்கள்” என்றேன். எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

அன்றிரவு கனடாவிலிருந்து என் தமக்கையின் மகன் தொலைபேசியில் பேசினான். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

“ஐயோ மாமா, அவன் காவல் நிக்கிறவன் இல்லை. முழு ஆட்டத்தையும் நடத்திறவனே அவன்தான்” என்றான்.

“அப்ப ஏன் தம்பி, பின்னுக்கு நிக்கிறவன் எண்டு பேர் வந்தது?”

அவனுக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியே என்னைத் தேட வைத்தது.

அமெரிக்கர் ‘ஃபுட்போல்’ என்று சொல்வது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. கூர்முனைகள் கொண்ட நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் பெரும்பகுதி. கண்டியிலும் கொழும்பிலும் நம்மவர் விரும்பிப் பார்க்கும் றக்பிக்கு அது நெருங்கிய உறவு. களத்தில் அணிக்குப் 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அதற்குள் 10 யார் தூரமாவது முன்னேறினால் மேலும் நான்கு கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

ஒவ்வொரு வாய்ப்பின்போதும் இரு அணியினரும் எதிரெதிரே வரிசையாக நிற்பர. நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பார். அதை வாங்குபவரே குவாட்டர்பேக். பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடும் தோழருக்கு எறிவதா, தாமே ஓடுவதா என்பதைச் சில விநாடிகளுக்குள் அவர் முடிவுசெய்ய வேண்டும். எதிரணியினரோ அவரை வீழ்த்தப் பாய்ந்து வந்துகொண்டிருப்பர்.

இனிப் பெயருக்கு வருவோம். றக்பியில் முன்வரிசைக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை வைத்தே பெயரிட்டனர். கடைசியில் நிற்பவர் ஃபுல்பேக். பாதித் தூரத்தில் நிற்பவர் ஹாஃப்பேக். 1880இல் யேல் பல்கலைக்கழகத்து வோல்டர் காம்ப்பின் முயற்சியால் அமெரிக்க ஆட்டத்தின் விதிகள் மாறின. அணிக்கு 15 பேர் என்பது 11 ஆயிற்று. இரு அணியும் பந்துக்கு மல்லுக்கட்டும் முறை போய், ஓர் அணியே பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கும் முறை வந்தது. அப்படிப் பின்னால் வரும் பந்தை முதலில் வாங்குபவர் ஹாஃப்பேக்குக்கும் முன்னே நின்றார். எனவே அவர் குவாட்டர்பேக். கால்பங்கு என்பது தூரக் கணக்கே.

அன்று அவருக்குப் பெரிய அதிகாரம் இல்லை. வாங்கிய பந்தைத் தாமே கொண்டு முன்னே ஓட விதி இடம் தரவில்லை. பிறர் கையில் சேர்ப்பிக்க வேண்டும். 1906இல் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. அதன்பின் கை மாற்றிவிடுபவராக இருந்தவர் படிப்படியாக ஆட்டத்தின் மூளையானார். பெயர் அப்படியே நின்றது. பொருள் நடந்து போய்விட்டது.

நடந்த பொருள் களத்தையும் தாண்டியது. ஒரு காரியத்தைத் திட்டமிட்டு நடத்துவதை அமெரிக்க ஆங்கிலத்தில் இச்சொல்லையே வினையாக்கிச் சொல்வார்கள். ‘திங்கட்கிழமைக் காலைக் குவாட்டர்பேக்’ என்றும் ஒரு தொடர் உண்டு. வார இறுதியில் ஆட்டம் முடிந்தபின், “நானென்றால் இப்படி ஆடியிருப்பேன்” என்று சொல்பவருக்கு அந்தப் பட்டம். இத்தகையோர் நம் மதகடிகளிலும் இல்லாமலில்லை.

இவையெல்லாம் அகராதியில் கிடைக்கும். அகராதியில் கிடைக்காத ஒரு கனமும் இச்சொல்லுக்கு உண்டு. குவாட்டர்பேக் சிந்தித்துப் பிறரை நடத்துபவர் என்று கருதப்பட்டதாலேயே, கறுப்பின வீரருக்கு அந்த இடம் நெடுங்காலம் மறுக்கப்பட்டது. ஓடவும் தடுக்கவும் அவர்களைச் சேர்த்தவர்கள் நடத்துவதற்கு விடவில்லை. 1968இல் டென்வர் அணியில் மார்லின் பிரிஸ்கோ அந்த இடத்தில் ஆடித் திறமை காட்டினார். அடுத்த ஆண்டே அது அவருக்கு இல்லையென்றாயிற்று. வேறு அணிக்குப் போய், எறியும் பந்தைப் பிடிப்பவராக ஆடினார். வொரன் மூன் என்பவர் இடத்தை மாற்றிக்கொள்ள விரும்பாமல் 1978இல் கனடாவின் எட்மன்டன் அணிக்குச் சென்றார். 1978 முதல் 1982 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அந்த அணி கிரே கிண்ணத்தை வென்றது. 1984இல்தான் அவர் அமெரிக்க அணியொன்றில் சேர்ந்தார்.

1988 ஜனவரி 31ஆம் திகதி, சூப்பர் போல் என்னும் இறுதியாட்டத்தில் டக் வில்லியம்ஸ் நடத்திய வாஷிங்டன் அணி டென்வரை 42–10 என்று வென்றது. குவாட்டர்பேக்காக நின்று அந்த ஆட்டத்தை வென்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 2023 பெப்ரவரியில் நடந்த இறுதியாட்டத்தில் இரு அணிகளையும் நடத்தியவர்கள் கறுப்பினத்தவர்கள்: பட்ரிக் மஹோம்ஸ், ஜேலன் ஹேர்ட்ஸ். அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதற்றடவை.

அப்படியானால் இதைத் தமிழில் எப்படி எழுதுவது? ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது ‘குவாட்டர்பேக்’ என்றே எழுதி, ஒரு வரியில் விளக்கிவிடலாம். தேர்தல் வேலை போன்ற இடங்களில் ‘முன்னின்று நடத்தினார்’ என்றால் போதும். பின்னால் நிற்பவரென்று ஆங்கிலம் பெயரிட்ட ஒருவரைத் தமிழ் முன்னால் நிறுத்திவிடுகிறது. அதில் பிழையில்லை. சொல் நிற்கும் இடத்தை விட்டுப் பொருள் நிற்கும் இடத்தைப் பார்ப்பதே மொழிபெயர்ப்பு.

மறுநாள் வகுப்பில் ‘பின்காவலன்’ என்பதை வெட்டச் சொன்னேன். முதல்நாள் சிரித்ததற்காக அந்த மாணவனிடம் வருத்தமும் தெரிவித்தேன். அவன் எழுந்து, “சேர், அப்ப நான் எழுதினது பாதியாவது சரிதானே?” என்று கேட்டான்.

“பாதியில்லைத் தம்பி, கால்பங்கு” என்றேன். இந்த முறை அவனும் சேர்ந்து சிரித்தான்.