விளக்கை விளக்குவோம்: மங்கிய ஊர்தி விளக்குகளும் மீட்கும் முறையும்

முன்னுரை

தமிழில் 'விளக்கு' என்னும் சொல் பெயராக நிற்கும்போது ஒளி தரும் பொருளைக் குறிக்கிறது; வினையாக நிற்கும்போது துலக்குதல், தெளிவுறுத்தல் ஆகிய பொருள்களைத் தருகிறது. பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம், மாணவர்க்குப் பாடத்தை விளக்குகிறோம். அரிக்கேன் விளக்கு எரிந்த நாள்களில், அந்தி சாயுமுன் அதன் சிம்னியைச் சாம்பல் தொட்டுத் துடைத்து வைப்பது வீடுதோறும் அன்றாடக் கடமையாக இருந்தது. சிம்னி கறுத்தால் திரி எவ்வளவு எரிந்தும் பயனில்லை என்பதை அன்று சிறுவரும் அறிந்திருந்தனர். இன்று சாலையில் ஓடும் நம் ஊர்திகளின் முகப்பு விளக்குகளைப் பொறுத்தவரை அவ்வறிவை நாம் இழந்துவிட்டோம் என்றே தோன்றுகிறது.

2022ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து இரவொன்றில், முத்துப்பேட்டையிலிருந்து அதிராம்பட்டினம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். மழை இல்லை, எதிரே ஊர்தியும் இல்லை. ஆயினும், சாலையோரம் மிதிவண்டியைத் தள்ளிச் சென்ற முதியவர் ஒருவர் மிக அருகில் வந்த பின்னரே நம் கண்ணுக்குப் புலப்பட்டார். பிரேக்கை அழுத்தினோம், அவர்மீது படாமல் வண்டி நின்றது. இறங்கிச் சென்று வருத்தம் தெரிவித்தபோது அவர், "லைட்டு போடாம வர்றீங்களே, தம்பி" என்றார். விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன.

மறுநாள் பகலில் பார்த்தபோது உண்மை விளங்கிற்று. 2009இல் வாங்கிய அவ்வூர்தியின் முகப்பு விளக்குகள், கண்புரை விழுந்த கண்களைப் போல மஞ்சள் படர்ந்து மங்கிக் கிடந்தன. இம்மங்கல் எதனால் நேர்கிறது, அதனை நீக்குவது எங்ஙனம், நீக்கியபின் காப்பது எங்ஙனம் என்பனவற்றை நம் பட்டறிவையும் சேர்த்து இக்கட்டுரையில் காண்போம்.

கண்ணாடியின் இடத்தில் நெகிழி

'ஹெட்லைட் கண்ணாடி' என்று நாம் வழங்குவது இன்று பெரும்பாலும் கண்ணாடியன்று. பாலிகார்பனேட் என்னும் நெகிழியாகும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி முதலிய பழைய ஊர்திகளின் வட்ட விளக்குகளில் இருந்தது மெய்யான கண்ணாடி. அது கல் பட்டால் உடையும். ஆனால் ஆண்டுகள் பல ஆயினும் மஞ்சளிக்காது.

பாலிகார்பனேட்டை 1953இல் செருமனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் டேனியல் ஃபாக்சும் ஒருவரையொருவர் அறியாமலே உருவாக்கினர். கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதியே உடையது. கல்லடிக்கு எளிதில் உடையாதது. வேண்டிய வளைவுகளில் வார்க்கத்தக்கது. அமெரிக்காவில் 1940 முதல் குமிழும் கண்ணாடியும் ஒன்றாய் மூடி முத்திரையிட்ட விளக்குகளே நடைமுறையில் இருந்தன. 1983இல் விதி தளர்த்தப்பட்டது. 1984ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த லிங்கன் கான்டினென்டல் மார்க் 7 அங்கே புதுவகை விளக்குடன் வந்த முதல் கார் ஆயிற்று. பின்னர் இவ்வகை விளக்கு உலகெங்கும் பரவிற்று.

நன்மை பலவாயினும் பாலிகார்பனேட்டுக்கு இரு குறைகள் உண்டு. ஒன்று, எளிதில் கீறல் விழும். மற்றொன்று, வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தாங்காது. ஆதலின், தொழிற்சாலையிலேயே அதன்மீது கடினமான காப்புப் பூச்சு ஒன்றை இட்டு அனுப்புகின்றனர். இப்பூச்சே விளக்கின் கவசம்.

மஞ்சள் படர்வது ஏன்?

விளக்கு மங்குவது அழுக்கினால் என்று பலரும் எண்ணுகின்றனர். நாமும் அவ்வாறே எண்ணிச் சோப்பு நீரால் பலமுறை கழுவினோம், மாற்றமில்லை.

உண்மையில் நிகழ்வது இதுவாகும். வெயிலும், மணலும், கழுவும் துணியின் உராய்வும் சேர்ந்து காப்புப் பூச்சை ஆண்டுக்காண்டு தேய்க்கின்றன. அது வெடித்துச் செதில் செதிலாக உரியத் தொடங்கியதும், புறஊதாக் கதிர்கள் நேரே நெகிழியைத் தாக்குகின்றன. நெகிழியின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுபட்டுக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிப் புதிய சேர்மங்கள் தோன்றுகின்றன. அவை நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் எஞ்சிய ஒளி மஞ்சளாகத் தெரிகிறது. நுண்ணிய வெடிப்புகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மூட்டமும் சேர்கிறது. வானத்தை நோக்கிய மேற்புறம் மிகுதியாகவும் கீழ்ப்புறம் குறைவாகவும் மஞ்சளித்திருப்பதே வெயில்தான் காரணம் என்பதற்குச் சான்று.

இதில் ஆறுதல் ஒன்று உண்டு. இக்கேடு நெகிழியின் மிக மெல்லிய மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. அடியில் இருப்பது தெளிவான நெகிழியே. அதனாற்றான் விளக்கை மீட்க இயலுகிறது.

ஒளி குறைவதன் கணக்கு

அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, மங்கி மஞ்சளித்த விளக்குகள் தாழ்நிலை ஒளியில் புதிய விளக்கின் ஒளியில் 22 விழுக்காட்டையே தந்தன. தேய்த்து மீட்ட விளக்குகள் ஏறத்தாழ 70 விழுக்காடு தந்தன.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். எனவே ஒளி 22 விழுக்காடாகக் குறைந்தால், அதே அளவு வெளிச்சம் எட்டும் தொலைவு ஏறத்தாழப் பாதியாகிறது. புதிய விளக்கில் 60 மீட்டரில் தெரியும் ஒருவர், மங்கிய விளக்கில் 28 மீட்டரில்தான் தெரிவார். மீட்ட விளக்கில் 50 மீட்டரில் தெரிவார்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தி, ஓட்டுநர் கண்டு உணரும் ஒன்றரை நொடியில் 25 மீட்டர் சென்றுவிடும். உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் மேலும் 20 மீட்டர் ஓடும். நிற்கத் தேவை 45 மீட்டர். கண்ணுக்குத் தெரிவதோ 28 மீட்டர்! இடைப்பட்ட 17 மீட்டரில் யார் நிற்கிறார்கள் என்பதே கேள்வி. மாதிரிக் கணக்கே ஆயினும், அன்றிரவு நாம் எவ்வளவு குறுகிய இடைவெளியில் தப்பினோம் என்பதை இது நமக்கு உணர்த்திற்று. விளக்கைச் சீர்செய்யும்வரை இரவில் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் செல்வதில்லை என உறுதி கொண்டோம்.

சிதறும் ஒளி வீணாவதோடு நிற்பதில்லை. எதிரே வருவோரின் கண்ணையும் கூசச் செய்கிறது. ஒளி போதவில்லை என்று கூடுதல் வாட் குமிழ் பொருத்துவது பிழையிற் பிழை. எச்-4 வகைக் குமிழின் முறையான அளவு 60/55 வாட். அதனை மீறினால் வெப்பம் மிகும், கூச்சமும் மிகும், மஞ்சள் அப்படியே இருக்கும்.

நோயறிதல்

சிகிச்சைக்கு முன் நோயறிதல் வேண்டும். விளக்கின்மேல் நீரைத் தெளித்துப் பார்த்தல் நல்ல சோதனை. நனைந்ததும் தெளிந்து, உலர்ந்ததும் மீண்டும் மங்கினால் கேடு வெளிப்புறத்தில் உள்ளது. ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, நீருக்கு 1.33, பாலிகார்பனேட்டுக்கு 1.58. நீர் நுண்பள்ளங்களை நிரப்பும்போது இவ்வேறுபாடு குறைவதால் ஒளி சிதறுவதும் குறைகிறது. நனைத்தும் மூட்டம் நீங்காவிடின் கேடு உட்புறத்திலோ, உள்ளிருக்கும் பிரதிபலிப்பானிலோ இருத்தல் கூடும். அதனை வெளியே தேய்த்துப் பயனில்லை.

மீட்கும் முறை

1. விளக்கையும் சுற்றுப்புறத்தையும் சோப்பு நீரால் கழுவித் துடைக்க வேண்டும். சுற்றியுள்ள வண்ணப்பூச்சின்மேல் காகித ஒட்டுநாடாவை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுதல் வேண்டும்.

2. வண்ணம் தீட்டுவோர் 'வாட்டர் பேப்பர்' என வழங்கும் நீர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பூச்சு உரிந்திருந்தால் 600 அல்லது 800 எண் தாளில் தொடங்கலாம். மூட்டம் மெல்லியதாயின் 1000 போதும். தாளும் விளக்கும் எப்போதும் நனைந்திருத்தல் வேண்டும். தொடக்கத்தில் மஞ்சள் கலந்த பால்போன்ற நீர் வடியும். அது தூய வெண்மையாக மாறும்வரை தேய்க்க வேண்டும். பழைய பூச்சின் திட்டு எங்கும் எஞ்சுதல் கூடாது.

3. பின்னர் 1500, 2000, 3000 என நுண்தாள்களுக்கு முறையே செல்ல வேண்டும். ஒரு தாளில் கிடையாகத் தேய்த்தால் அடுத்ததில் செங்குத்தாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் முந்தைய கீறல்கள் மறைந்தனவா என்பது தெரியும். இந்நிலையில் விளக்கு முன்னினும் மங்கலாகத் தோன்றும், அஞ்ச வேண்டியதில்லை.

4. நெகிழிக்குரிய பாலிஷ் களிம்பை மென்துணியாலோ பஞ்சுத் தட்டாலோ தேய்க்கத் தெளிவு பிறக்கும். இயந்திரம் பயன்படுத்துவோர் ஓரிடத்தில் அழுத்தி நிறுத்தலாகாது. வெப்பத்தால் நெகிழி இளகிக் கெட்டுவிடும்.

பாதி வேலையும் முழு வேலையும்

முதன்முறை நாம் இத்துடன் நிறுத்திவிட்டோம். விளக்குகள் புதியன போல் ஒளிர்ந்தன, நண்பர்களும் பாராட்டினர். ஆனால் மூன்று திங்களில், அந்தக் கோடை முடியுமுன்னரே, மஞ்சள் திரும்பிற்று. காரணம் வெளிப்படை: பழைய கவசத்தை முற்றிலும் தேய்த்து எடுத்த நாம், புதிய கவசம் எதையும் அணிவிக்கவில்லை. வெற்று நெகிழியை வெயிலில் நிறுத்திவிட்டோம்.

பற்பசை கொண்டு தேய்ப்பது, மண்ணெண்ணெய் தடவுவது, கொசு விரட்டிக் களிம்பு பூசுவது எனப் பலர் கூறும் எளிய வழிகள் யாவும் இக்குறை உடையனவே. பற்பசை மெல்லிய தேய்ப்புப் பொருள், அவ்வளவே. கொசு விரட்டியில் உள்ள டீட் என்னும் வேதிப்பொருள் நெகிழியின் மேற்பரப்பையே இளக்குகிறது. அப்போதைக்குப் பளபளப்பு வரும், பின்னர்க் கேடு மிகும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் ஆகியவற்றை அறவே தவிர்த்தல் வேண்டும். அவை பாலிகார்பனேட்டில் நுண்வெடிப்புகளை உண்டாக்கும்.

ஆகவே இறுதிப் படியாகப் புறஊதாக் காப்புப் பூச்சு இடுதல் இன்றியமையாதது. ஐசோபுரோப்பைல் ஆல்ககால் நனைத்த தூய துணியால் எண்ணெய்ப் பசையும் களிம்பும் நீங்கத் துடைத்து, உலர்ந்தபின் பூச வேண்டும். துணியால் பூசுவன, தெளிப்பன, வெயிலிலோ புறஊதா விளக்கிலோ இறுகுவன எனப் பல வகைகள் கிடைக்கின்றன. சில பூச்சுகள் பாலிஷ் இடாத, நுண்தாளால் தேய்த்த பரப்பிலேயே நன்கு பற்றும். குப்பியிலுள்ள குறிப்பைப் படித்துத் தேய்க்கத் தொடங்குவது நலம். கடினமாக்கி கலந்து தெளிக்கும் இருபகுதிப் பூச்சில் ஐசோசயனேட் உண்டு. அது நுரையீரலுக்குத் தீங்கானது. உரிய முகமூடி உள்ள வண்ணப்பட்டறையில் அதனைச் செய்வித்தலே தக்கது. மழை நாளும் தூசிக் காற்றும் இவ்வேலைக்கு ஆகா.

இரண்டாம் முறை 2023இல் பூச்சுடன் செய்த விளக்குகள் இரண்டு கோடைகளைத் தெளிவாகவே கடந்தன. எனினும், கடையில் கிடைக்கும் பூச்சு தொழிற்சாலைப் பூச்சைப் போல் நெடுங்காலம் உழைப்பதில்லை. மூட்டம் தலைகாட்டியதும் மீண்டும் பூசுதல் வேண்டும். நிழலில் நிறுத்துவதும், உலர்துணியால் புழுதியைத் துடைக்காமல் நீரூற்றிக் கழுவுவதும் அதன் ஆயுளை நீட்டிக்கும்.

மாற்ற வேண்டிய நிலை

விரிசல் கண்ட விளக்கையும், உட்புறம் மூட்டமுற்ற விளக்கையும், பிரதிபலிப்பானின் வெள்ளிப்பூச்சு உதிர்ந்த விளக்கையும் தேய்த்து மீட்க முயல்வது வீண். மாற்றுவதே முறை. மேற்கூறிய 2018ஆம் ஆண்டு ஆய்வில், ஊர்தி உற்பத்தியாளரின் புதிய விளக்குகள் முழு ஒளியையும், பிற நிறுவனத்தார் செய்த மாற்று விளக்குகள் 83 முதல் 90 விழுக்காடு வரையும் தந்தன. விலையையும் பயனையும் சீர்தூக்கி முடிவு செய்யலாம். விளக்கைக் கழற்றி மாட்டியிருப்பின், சமதரையில் சுவருக்கு எதிரே ஊர்தியை நிறுத்தி ஒளியின் உயரத்தைச் சரிபார்த்தல் வேண்டும்.

முடிவுரை

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தனியார் ஊர்தியின் பதிவுக்கு 15 ஆண்டுகளை வகுக்கிறது. அதன்பின் சோதனை செய்தே பதிவு புதுப்பிக்கப்படுகிறது. விளக்கின் காப்புப் பூச்சோ அதற்கு முன்பே தேய்ந்துவிடுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் விளக்கைச் சோதிக்கும் பொறுப்பு உரிமையாளரையே சாரும்.

மங்கல் ஒரே நாளில் வருவதில்லை. சிறிது சிறிதாக வருவதால் ஓட்டுபவர் கண் அதற்குப் பழகிவிடுகிறது. நமக்கு அதனை உணர்த்த சாலையில் ஒரு முதியவர் வேண்டியிருந்தது. எல்லார்க்கும் அவ்வாறு இறங்கிச் சென்று வருத்தம் தெரிவிக்கும் வாய்ப்புக் கிட்டும் எனக் கூற இயலாது. திங்களுக்கொரு முறை பகல் வெளிச்சத்தில் ஊர்தியின் முன் நின்று அதன் விளக்கை நோக்குவோம். மங்கியிருப்பின் நன்கு விளக்குவோம்; விளக்கியபின் கவசம் அணிவிப்போம். நாம் சாலையைக் காண்பதற்கு மட்டுமன்றி, அச்சாலையில் நடந்து செல்வோர் வீடு திரும்புவதற்கும் அவ்விளக்கே துணை.