வாப்பாவும் பாலூட்டலாம்

என் பிரசவ விடுமுறை முடிய இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. மகனுக்கு நான்கு மாதம். காலை ஆறரைக்கு உக்குவளையில் பஸ் ஏறினால், பாடசாலை முடிந்து வீடு வர இரண்டு மணி கடந்துவிடும். அதுவரை பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? வீட்டில் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது: பால்மா.

அரச ஊழியரான ஒரு தாய்க்கு முழுச் சம்பளத்துடன் கிடைப்பது 84 வேலை நாட்கள். விடுமுறை நாட்களையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு மாதம். ஆனால் முதல் ஆறு மாதமும் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அரைச் சம்பள விடுமுறை எடுக்கலாம்தான். வீட்டுக் கடன் அதற்கு இடம் தரவில்லை.

2016இல் எடுக்கப்பட்ட நாடளாவிய ஆய்வின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலகில் மிக உயர்ந்த நிலைகளில் இதுவும் ஒன்று. வேலைக்குப் போகும் நான் மட்டும் எப்படி இந்தக் கணக்கில் சேர்வது என்று குடும்ப நல மாதுவிடம் கேட்டேன். "பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்துவிட்டுப் போங்கள். வாப்பா கொடுக்கட்டும்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னதும் மாமி இரண்டு கேள்வி கேட்டார். "வெளிய எடுத்து வச்ச பால் பழுதாகாதா? ஆம்புளைக்கு அதெல்லாம் ஏலுமா?" இரண்டும் நியாயமான கேள்விகள். இந்தக் கட்டுரை அவற்றுக்கான பதில்தான்.

முதலாவது கேள்வி. தாய்ப்பாலில் கிருமிகளை எதிர்க்கும் பொருட்கள் இயற்கையாகவே இருக்கின்றன. அதனால் 25 பாகை வரையான அறை வெப்பநிலையில் நான்கு மணி நேரம் வைக்கலாம். மாத்தளையின் நண்பகல் அதைவிடச் சூடானது. ஆகவே எடுத்த உடனேயே குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே நல்லது. அங்கே நான்கு நாட்கள் இருக்கும். கதவுத் தட்டில் வைக்கக் கூடாது. திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். உள்ளே பின்பக்கமாக வைக்க வேண்டும். உறையவைத்தால் மாதக்கணக்கில் வைக்கலாம். எங்கள் பழைய பெட்டியின் ஐஸ் அறையை நான் நம்பவில்லை. நான்கு நாளுக்குள்ளேயே முடித்துக்கொண்டோம்.

எடுப்பதற்கு இயந்திரம் கட்டாயமில்லை, கையே போதும். முதலில் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். மூடியுள்ள பாத்திரத்தைக் கழுவிக் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். மார்பில் இளஞ்சூடான துணியைச் சிறிது நேரம் வைத்தால் பால் இறங்கும். பெருவிரலும் சுட்டுவிரலும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் இருக்க, முதலில் நெஞ்சுப்பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமர்த்திவிட வேண்டும். காம்பை இழுக்கவோ தோலைத் தேய்க்கவோ கூடாது. வலித்தால் முறை பிழை என்று அர்த்தம்.

முதல் நாள் சுபஹுக்குப் பிறகு அரை மணி நேரம் முயன்றும் பாத்திரத்தின் அடி மட்டுமே நனைந்தது. அழுகை வந்தது. ஆனால் எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். ஒரு வாரத்தில் 60 மில்லிலீற்றர் சேர்ந்தது. ஒரு நேரத்துக்குத் தேவையான அளவை மட்டும் ஒவ்வொரு பாத்திரத்திலும் வைத்தேன். அதனால் வீணாவது குறைந்தது.

வேலைக்குத் திரும்பிய பிறகும் இடைவேளையில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், பாலும் குறைந்துபோகும். ஆசிரியர் அறைப் பெட்டியில் என் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இன்னோர் ஆசிரியையின் பாத்திரமும் இருந்தது. ஒரு நாள் எது யாருடையது என்று இருவருக்கும் புரியவில்லை. கோப்பையால் கொடுத்தாலும் பால்குடி உறவுக்கு அது காரணமாகலாம். ஷாபிஈ மத்ஹபில் அது உறுதியாக ஐந்து தடவை குடித்திருக்க வேண்டும் என்றாலும், சந்தேகமே வேண்டாமென்று இரண்டையும் கொட்டினோம். அத்தனை பாடுபட்டு எடுத்த பால்! மறுநாள் முதல் பெயரும் திகதியும் எழுதி ஒட்டாமல் எதையும் வைத்ததில்லை.

இனி இரண்டாவது கேள்வி. கணவருக்குக் கடை பத்து மணிக்குத்தான். காலைப் பால் அவர் பொறுப்பு. முதல் நாளே தொலைபேசியில் அழைத்தார். "மேலே ஆடை மாதிரி மிதக்குது, பழுதாப் போச்சா?" அது கொழுப்பு, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும் என்றேன். பாலை அடுப்பில் காய்ச்சக் கூடாது. மைக்ரோவேவிலும் வைக்கக் கூடாது. சூடு சமமாகப் பரவாமல் பிள்ளையின் வாய் வெந்துவிடும். இளஞ்சூடான நீருள்ள கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்தால் போதும். குடித்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கொடுக்கக் கூடாது.

போத்தலை விடச் சிறு கோப்பை நல்லது. கழுவுவதும் இலகு, பிள்ளை மார்பை மறுக்கும் வாய்ப்பும் குறைவு. பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து, கோப்பையின் விளிம்பைக் கீழ் உதட்டில் தொடவிட வேண்டும். வாயில் ஊற்றினால் புரைக்கேறும். பிள்ளை தானாக நாக்கால் எடுத்துக்கொள்ளும். ஒத்திகையின் முதல் மூன்று நாளும் மகன் குடிக்கவேயில்லை. என் வாசனை வீட்டில் இருக்கும்வரை குடிக்கமாட்டான் என்று என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான்காம் நாள் 40 மில்லிலீற்றர் உள்ளே போனது. அல்ஹம்துலில்லாஹ்!

பத்து மணிக்குப் பிறகு யார் கொடுப்பது? மகனிடமிருந்து மாமி கற்றுக்கொண்டார். ஒரு மழை நாளில் மின்சாரம் நின்றபோது, பெட்டியின் கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும் என்று கேள்விப்பட்ட மாமி, யாரும் திறக்காதபடி முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

சூறா அல்பகராவின் 233ஆவது வசனம் பாலூட்டலைப் பற்றிப் பேசும்போது தாயைப் பற்றி மட்டும் பேசவில்லை. தாய்க்கு உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் கடமையாக்குகிறது. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசி, மனமொத்துச் செய்யச் சொல்கிறது.

மாணவியரே, நாளை நீங்களும் தொழிலுக்குப் போவீர்கள். பிள்ளையா தொழிலா என்ற கேள்வி அன்று உங்கள் முன் வரும்போது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறு கோப்பைக்கும் இடமிருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரே, இதை உங்கள் மகன்மாருக்கும் வாசிக்கக் கொடுங்கள்.

சென்ற மாதம் அயல் வீட்டு மருமகளுக்குப் பிள்ளை பிறந்தது. பார்க்கப்போன மாமி அந்த வாப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாராம்: "மகன், முதல்ல கையக் கழுவிட்டு வாங்க."